திண்டுக்கல் கோட்டைப் படை மருத்துவம்

திண்டுக்கல் மலைக்கோட்டையில் 1790 முதல் 1860 வரை நிலைகொண்டிருந்த ஆங்கிலேயக் காவற்படைக்காக, சென்னை மாகாணப் படையின் மருத்துவத் துறை நடத்திவந்த ஏற்பாடு திண்டுக்கல் கோட்டைப் படை மருத்துவம் எனப்படும். பட்டாளத்தோடு சேர்ந்து இடம்பெயரும் பட்டாள மருத்துவமனை, காயமுற்றோரையும் நோயுற்றோரையும் சுமந்த டோலிப் படை, காய்ச்சலுக்குப் பெயர்போன சமவெளியைப் பற்றி மருத்துவர்கள் எழுதிவைத்த அறிக்கைகள் ஆகிய மூன்றும் இதில் அடங்கும். 1809 முதல் 1811 வரை கோயம்புத்தூர், மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலிச் சீமைகளில் பரவிய பெருங்காய்ச்சல் குறித்த விசாரணையே இந்த வரலாற்றில் மிகுந்த மதிப்புடைய பகுதியாகும்.

முன்வரலாறு

போரில் புண்பட்டவனுக்கு மருத்துவம் செய்யும் வழக்கம் தமிழகத்தில் மிகப் பழமையானது. வீரனின் உடலில் வாள் கிழித்த புண்ணை ஊசிகொண்டு தைத்ததைப் பதிற்றுப்பத்து குறிப்பிடுகிறது. புண்பட்டவன் கிடந்த வீட்டின் இறைப்பில் வேப்பிலை செருகியதையும், ஐயவி எனப்படும் வெண்சிறுகடுகைப் புகைத்ததையும், காஞ்சிப் பண் பாடிக் காவல் இருந்ததையும் புறநானூற்றுப் பாட்டுகள் சொல்கின்றன. வேம்பும் கடுகுப் புகையும் பேயை விரட்டுவதற்கு என்பது அக்கால நம்பிக்கையாயினும், ஈயும் பூச்சியும் புண்ணை அண்டாமல் காத்த பயனும் அவற்றுக்கு இருந்திருக்கலாம். எனினும் இவையெல்லாம் வீட்டில் நடந்த மருத்துவமே. புண்பட்ட வீரர்களை ஓரிடத்தில் கிடத்தி, சம்பளம் பெறும் மருத்துவரைக்கொண்டு நோக்கும் முறையை இப்பாடல்கள் காட்டவில்லை.

சம்பளம் பெறும் மருத்துவரோடு கூடிய மருத்துவமனைக்குத் தெளிவான சான்று பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில் கிடைக்கிறது. அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலில் பொறிக்கப்பட்ட வீரராசேந்திர சோழனின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, வீரசோழன் என்னும் பெயருடைய ஆதுலர் சாலையையும், அதாவது நோயாளர் தங்கும் சாலையையும், அதில் இருந்த 15 படுக்கைகளையும், மருத்துவர், அறுவை செய்வோர், மூலிகை கொண்டுவருவோர், நோயாளரைப் பேணும் பெண்கள் ஆகியோருக்கு அளக்கப்பட்ட நெல்லையும் காசையும் குறிக்கிறது. அது கோயிலையும் அங்கு நடந்த கல்விச்சாலையையும் சேர்ந்தோருக்கான மருத்துவமனை, படையினருக்கானது அன்று. ஆனால் பணியாளர்களை இவ்வாறு வகை பிரித்து ஒவ்வொருவருக்கும் படியளந்த ஒழுங்கு, 600 ஆண்டுகளுக்குப் பின் கிழக்கிந்தியக் கம்பெனியார் தங்கள் படைவீரர்களுக்காக வகுத்த ஒழுங்கோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தக்கது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் முதல் மருத்துவமனை 1664ஆம் ஆண்டு நவம்பரில் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் தொடங்கியது. இங்கிலாந்திலிருந்து வந்திறங்கிய சிப்பாய்கள் தட்பவெப்பம் ஒத்துக்கொள்ளாமல் நோயில் விழுந்து, பேணுவார் இன்றி இறந்துகொண்டிருந்ததைக் கண்ட கம்பெனியின் சென்னை முகவர் சர் எட்வர்ட் வின்டர், ஆண்ட்ரூ கோகன் என்பவருக்குரிய வீட்டை வாடகைக்குப் பிடித்து அவர்களைக் கிடத்தினார். அந்தச் சிறு வீடு பல இடங்களுக்கு மாறி, பிரெஞ்சுப் போர்களில் அலைக்கழிந்து, 1772இல் இன்றுள்ள இடத்தில் கட்டப்பட்டது. அதுவே இப்போது ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை என வழங்குகிறது. ஏறத்தாழ 180 ஆண்டுக்காலம் அது முதன்மையாக வெள்ளையர்க்கும் படையினர்க்கும் உரியதாகவே இருந்தது. 1842இல்தான் அதன் கதவு இந்தியப் பொதுமக்களுக்குத் திறந்தது. தமிழகத்தின் மிகப் பெரிய பொது மருத்துவமனை படை மருத்துவமனையாகப் பிறந்தது என்பதை மனத்தில் கொண்டால், மாகாணத்தின் உள்நாட்டுக் கோட்டைகளில் மருத்துவம் ஏன் பட்டாளத்தின் பின்னால் வந்தது என்பது எளிதில் விளங்கும். ஊர் மக்களுக்கு மருத்துவம் செய்வது அரசின் கடமை என்னும் எண்ணம் அப்போது கம்பெனியாரிடம் இல்லை. போரிடக்கூடிய உடல் ஒன்றை இழப்பது செலவு என்னும் கணக்கே இருந்தது.

1786இல் சென்னைப் படையின் மருத்துவ ஆட்சி ஒரு வாரியத்தின்கீழ் கொண்டுவரப்பட்டது. அவ்வாரியத்தின் தலைமையை வகித்த ஜேம்ஸ் ஆண்டர்சன், மருத்துவர் என்பதைவிடச் செடிகொடி ஆராய்ச்சியாளராகவே பெயர் பெற்றவர். சென்னையில் இந்திரகோபப் பூச்சியை ஒத்த சாயப் பூச்சியை வளர்க்கச் சப்பாத்திக்கள்ளித் தோட்டம் அமைத்தவரும் இவரே. மூலிகை, மண், நீர், காற்று ஆகியவற்றை ஒருசேரக் கவனிக்கும் பழக்கம் சென்னைப் படை மருத்துவர்களிடம் வேரூன்றியதற்கு இத்தகையோரின் முன்மாதிரி ஒரு காரணமாகும்.

கோட்டையும் காவற்படையும்

திண்டுக்கல் பாறை சமவெளியிலிருந்து ஏறக்குறைய 280 அடி உயரம் நிமிர்ந்து நிற்கிறது. மதுரை நாயக்கர் முத்துக்கிருஷ்ணப்பர் காலத்தில், 1605இல் கட்டத் தொடங்கப்பட்ட இக்கோட்டை, திருமலை நாயக்கர் காலத்தில் வலுப்பெற்று, 18ஆம் நூற்றாண்டின் நடுவில் மைசூராரின் கைக்குப் போயிற்று. 1755இல் இதன் பௌஜ்தாராக, அதாவது படை அதிகாரியாக அமர்ந்த ஹைதர் அலி, பிரெஞ்சுத் தொழில்வினைஞரைக் கொண்டு இங்கே ஆயுதச்சாலை அமைத்தார். அவருடைய எழுச்சிக்கு வித்திட்ட ஊர் திண்டுக்கல்தான். 1767இல் ஆங்கிலேயர் பிடித்தனர். மறு ஆண்டே ஹைதர் மீட்டார். 1783இல் மீண்டும் ஆங்கிலேயர் கைப்பற்றினர்; 1784ஆம் ஆண்டு மங்களூர் உடன்படிக்கையால் திப்பு சுல்தானிடம் திரும்பிச் சென்றது. மூன்றாம் மைசூர்ப் போரில், 1790 ஆகஸ்டில், கர்னல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் முற்றுகையிட்டார். முதல் ஏற்றம் கடும் எதிர்ப்பால் முறியடிக்கப்பட்ட போதிலும், உள்ளிருந்தோர் அடுத்து வந்த பொழுதில் பணிந்தனர். 1792இல் ஏற்பட்ட சீரங்கப்பட்டண உடன்படிக்கை திண்டுக்கல் சீமையைக் கம்பெனிக்கு முழு உரிமையாக்கியது.

கோட்டையில் ஆயுதக்கிடங்கு, மருந்தறை (இங்கு மருந்து என்பது வெடிமருந்து), பீரங்கிக் கொட்டில், சிறையறைகள், சமையற்கூடம், குதிரைலாயம், மழைநீர் தேங்கும் பாறைச் சுனைகள் ஆகியவை இருந்தன. வெடிமருந்துக் கிடங்கின் சுவரும் கூரையும் ஈரம் புகாதபடி எவ்வளவு கருத்தோடு கட்டப்பட்டுள்ளன என்பதை இன்றும் பார்க்கலாம். நோயாளிக்கு மலை உகந்த இடமன்று. குடிநீர் சுனைகளையும் கீழிருந்து சுமந்துவருவதையும் நம்பியது. வெயிலில் பாறை காயும். படியில் ஒருவனைச் சுமந்து ஏற்றுவதும் இறக்குவதும் பெரும்பாடு. ஆனால் கீழே சமவெளியின் காய்ச்சல் காத்திருந்தது. இந்த இரண்டில் எதைத் தேர்வது என்பது கோட்டை மருத்துவர்களுக்கு முடிவில்லாத சிக்கலாகும்.

பட்டாள மருத்துவமனை

சென்னைப் படையில் ஒவ்வொரு பட்டாளத்துக்கும் தனி மருத்துவர் உண்டு. அவர் பெரும்பாலும் உதவி அறுவை மருத்துவர் என்னும் பதவியில் இருக்கும் ஐரோப்பியர். அவருக்குக் கீழே புண்ணைக் கழுவிக் கட்டுப் போடும் டிரஸர்களும், மருந்து அரைப்போரும், தண்ணீர் கொண்டுவருவோரும், கழிவகற்றும் தோட்டிகளும் வேலை செய்தனர். டிரஸர் என்பவர் நூல் கற்று வந்தவரல்லர். சிறு வயதிலேயே மருத்துவமனையில் சேர்ந்து, கண்டும் செய்தும் கற்றுக்கொண்ட தமிழர், தெலுங்கர், ஐரோப்பியத் தந்தையர்க்கு இந்தியத் தாய்மாரிடம் பிறந்தோர் ஆகியோர். மருத்துவர் மாறிச் செல்வார், பட்டாளமும் மாறிச் செல்லும். கைப்பழக்கத்தைக் காத்தவர்கள் இவர்களே. இத்தகைய துணைப் பணியாளர்களை முறையாகப் பயிற்றுவிக்கவே 1835இல் சென்னையில் மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது. 1850இல் அது சென்னை மருத்துவக் கல்லூரி ஆயிற்று. படைத்துறையின் தேவை ஒன்று கல்லூரியாக வளர்ந்த கதை இது.

சென்னைச் சிப்பாய்க்கு ஒரு தனித்தன்மை உண்டு. வங்காளப் படையினரைப் போலன்றி, இவர்கள் மனைவி மக்களோடு பட்டாளத்தை ஒட்டிய குடியிருப்புகளில் வாழ்ந்தனர். படை நகர்ந்தால் குடும்பமும் நகர்ந்தது. ஆகவே காய்ச்சல் வந்த சிப்பாய்க்குக் கஞ்சி காய்ச்சுவதும் உடன் இருந்து பார்ப்பதும் வீட்டார் வேலையாகவே பெரும்பாலும் இருந்தன. சாதி வழக்கம் காரணமாகவும் மருத்துவமனைச் சமையலைப் பலர் தொடமாட்டார். வெள்ளைச் சிப்பாய்க்கு இந்தத் துணை இல்லை. அவனுக்கு மருத்துவமனையே உணவிட வேண்டியிருந்தது. நாட்டுச் சிப்பாய்களைவிட வெள்ளையர் மிகுதியாக மடிந்ததற்குக் காரணம் தட்பவெப்பம் மட்டுமே என அக்காலத்தார் எழுதினாலும், குடும்பத்தின் பேணுதலும் உணவுப் பழக்கமும் சிப்பாயைக் காப்பதில் பங்காற்றியிருக்கலாம்.

நோயாளியை நகர்த்தும் கருவி டோலி. நீண்ட மூங்கில் தண்டொன்றில் கயிறு பின்னிய கட்டில் தொங்கும். மேலும் பக்கங்களிலும் கித்தான் போர்த்தி வெயில் மறைப்பர். நடக்கும் காலத்தில் திரையைச் சுருட்டிக் காற்று விடலாம். முன்னால் இருவரும் பின்னால் இருவருமாகப் போயிகள் எனப்படும் தூக்கிகள் தோள் கொடுப்பர். மாற்றாள் உடன் நடந்துவந்து, நடை தளராமலே தோள் மாற்றிக்கொள்வார். சாலை சரியில்லாத கரிசலிலும், சிறுமலை அடிவாரத்துக் கல்லாங்காட்டிலும் மாட்டுவண்டியின் குலுக்கலைத் தாங்காத எலும்பு முறிந்தவனையும் வயிறு கிழிந்தவனையும் டோலியே உயிரோடு கொண்டுவந்து சேர்த்தது. சண்டை நடக்கும்போதே களத்துக்குள் புகுந்து விழுந்தவனை எடுத்துவர வேண்டியவர்கள் இவர்கள். ஆயுதம் ஏந்தாமல் குண்டுக்கு முன் நின்ற இந்தத் தொழிலாளர்களுக்கு உரிய இடம் படை வரலாறுகளில் தரப்படவில்லை.

1809–1811 பெருங்காய்ச்சல்

1809இல் பருவம் தப்பிப் பெருமழை பெய்தது. குளங்கள் உடைந்தன, பள்ளங்களில் நீர் தேங்கியது. அதைத் தொடர்ந்து கோயம்புத்தூர், மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலிச் சீமைகளில் காய்ச்சல் எழுந்து, 1811 வரை தணிவதும் மீண்டும் மூள்வதுமாக நீடித்தது. குளிர்நடுக்கம், பின் உடல் கொதிப்பு, பின் வியர்வை என்னும் ஒழுங்கில் ஒருநாள் விட்டு ஒருநாள் அல்லது இரண்டு நாள் விட்டு வரும் முறைக்காய்ச்சல் இது. பலமுறை தாக்குண்டவரின் வயிற்றில் இடப்புறம் மண்ணீரல் வீங்கிக் கல்லைப்போல் தட்டுப்படும். இதை மக்கள் காய்ச்சற்கட்டி என்றனர். காய்ச்சலில் மாண்டோர் ஒருபுறம் இருக்க, பிழைத்தோரும் ஏர் பிடிக்க வலுவிழந்தனர். அறுவடைக்கு ஆளில்லாமல் பயிர் நின்றது. அரசின் வரி வருவாய் வீழ்ந்தது. அரசு விசாரணைக் குழு ஒன்றை அமைத்ததற்கு இந்த வருவாய் இழப்பும் காரணம் எனக் கொள்ள வேண்டும்.

குழுவின் தலைவர் வைட்லா எய்ன்ஸ்லி. 1788இல் கம்பெனியின் உதவி அறுவை மருத்துவராக இந்தியா வந்து, 1810இல் தென்பகுதிப் படையின் மேற்பார்வை மருத்துவரானவர். ஸ்மித், கிறிஸ்டி என்னும் இரு மருத்துவர்கள் அவருடன் சேர்ந்து பணியாற்றினர். படையின் மருத்துவர்களான இவர்கள் பட்டாளக் குடியிருப்போடு நின்றுவிடாமல் சீமை முழுவதையும் ஆராய்ந்தனர். மலைகளின் அமைவு, காற்றின் திசை, மண்ணின் தன்மை, குளங்கள், பயிர், மக்களின் உணவு ஆகியவற்றையும் நோயோடு சேர்த்துப் பதிவுசெய்தனர். 1816இல் லண்டனில் அச்சேறிய அந்த அறிக்கைக்கு மருத்துவம், புவியியல், வேளாண்மை ஆகிய மூன்றையும் சுட்டும் பெயர் இடப்பட்டது பொருத்தமே. ஒரு தமிழ்ச் சீமையின் நோயை அதன் நிலத்தோடும் நீரோடும் இணைத்து ஆராய்ந்த முதற்பெரும் அறிக்கைகளுள் இதுவும் ஒன்று.

தேங்கிய நீரும் அழுகிய தழையும் சூரிய வெப்பத்தில் ஒருவகை நச்சுக்காற்றை வெளிவிடுகின்றன, அதை மூச்சில் இழுப்பவருக்குக் காய்ச்சல் வருகிறது என்பதே அறிக்கையின் முடிவு. அக்காலத்து ஐரோப்பிய மருத்துவம் பெரும்பாலும் ஏற்றிருந்த கொள்கை அது. கொள்கை தவறு, கண்டது சரி. திண்டுக்கல் சமவெளியைச் சூழ்ந்து சிறுமலையும் பழனி மலைத்தொடரும் நிற்கின்றன. அவற்றின் அடிவாரத்தில் மெல்ல ஓடும் ஓடைகளிலும், வயல் வாய்க்கால்களிலும், உடைந்த குளத்தின் எச்ச நீரிலும் மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் கொசு பெருகும். மழை மிகுந்த ஆண்டில் காய்ச்சல் மிகுவதும், அடிவார ஊர்கள் அதிகம் தாக்குண்டதும் இதனால்தான். அக்காய்ச்சல் மலேரியா என்றே கொள்ள வேண்டும்.

மலேரியாவின் புதிரை அவிழ்த்தவர்களும் படை மருத்துவர்களே. அல்ஜீரியாவில் கான்ஸ்டன்டைன் நகரின் படை மருத்துவமனையில் பணியாற்றிய பிரெஞ்சு மருத்துவர் லாவெரான், 1880 நவம்பரில் காய்ச்சல்காரச் சிப்பாய் ஒருவரின் இரத்தத்தில் ஒட்டுண்ணியைக் கண்டார். 1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் அதைக் கொசுவின் வயிற்றில் கண்டார். ராஸ் 1881இல் சென்னை மாகாணப் பிரிவில் சேர்ந்த மருத்துவர் என்பதால், எய்ன்ஸ்லி தொடங்கிய கேள்விக்கு அதே மருத்துவத் துறையின் வழிவந்தவர் விடை கண்டார் என்று சொல்லலாம்.

காய்ச்சலுக்கு அப்போது கொடுக்கப்பட்ட மருந்துகளில் தென்னமெரிக்கச் சிங்கோனா மரத்தின் பட்டைத்தூள் ஒன்றுதான் உண்மையில் பயன் தந்தது. அது விலை மிக்கது, கப்பலில் வருவதற்குள் கெட்டும் போகும். அதிலிருந்து கொயினாவைப் பிரித்தெடுத்தது 1820இல்தான். பேதிக்குக் கொடுப்பதும் இரத்தம் வாங்குவதும் வழக்கமான முறைகளாக இருந்தன; ஏற்கெனவே இரத்தம் குன்றிய காய்ச்சல்காரனிடம் மேலும் இரத்தம் வாங்கியது கேடாகவே முடிந்திருக்கும். பட்டைத்தூளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது மருத்துவர்கள் நாட்டு மருந்துக்கடையைத் தேடிச் சென்றனர். எய்ன்ஸ்லி இதை வெறும் அவசரத் தேவையாகக் கருதவில்லை. 1813இல் சென்னையில் வெளியிட்ட மருந்துப்பொருள் நூலிலும், 1826இல் அதை விரித்து இரு தொகுதிகளாக லண்டனில் வெளியிட்ட நூலிலும், மருந்துச் சரக்குகளைத் தமிழ்ப் பெயரோடு வரிசைப்படுத்தி, வைத்தியர்கள் அவற்றைப் பயன்படுத்தும் முறையையும், அகத்தியர் முதலியோர் பெயரில் வழங்கும் தமிழ் மருத்துவ நூல்களையும் குறித்தார். வேப்பம்பட்டை இவ்வாறு ஐரோப்பிய மருத்துவர்களின் கவனத்துக்கு வந்த சரக்குகளுள் ஒன்று. தமிழ் வைத்தியரின் பெயர்கள் அந்நூல்களில் பெரிதும் இடம்பெறாமற் போனது குறையே.

பிற நோய்கள்

1817இல் வங்காளத்தில் எழுந்த காலரா 1818இல் சென்னை மாகாணத்துக்குள் படையெடுத்தபோது, படை நடந்த சாலைகளே நோயும் நடந்த சாலைகளாயின. இது குறித்த மாகாண அறிக்கையை மருத்துவர் வில்லியம் ஸ்காட் 1824இல் தொகுத்தார். பெரிபெரி என்னும் ஊட்டக்குறை நோய் சென்னைப் படையை வாட்டியது. மருத்துவர் மால்கம்சன் 1835இல் அதைப் பற்றித் தனி நூல் எழுதினார். படிக்கிணற்று நீரால் வந்த நரம்புச்சிலந்தி சமவெளிச் சிப்பாய்களுக்குப் பழகிய தொல்லையாக இருந்தது. காலில் பூஞ்சை புகுந்து புற்றுப்போல் துளைத்து வளரும் நோயை 1842இல் மதுரை மருந்தகத்தில் கில் என்னும் மருத்துவர் விவரித்தார். அதனால் அது உலக மருத்துவ நூல்களில் மதுரைக் கால் என்றே பெயர் பெற்றது. முள் குத்திய வெறுங்காலோடு வயலில் உழைப்பவரையே மிகுதியாகப் பற்றும் அந்த நோயை, ஊரின் பெயரால் அழைப்பதைவிட உழைப்பின் பெயரால் அழைத்திருக்கலாம்.

படை நீங்கிய பின்

இந்தியாவில் பிரிட்டிஷ் படையின் சுகாதாரம் பற்றி ஆராய்ந்த அரச ஆணையம் 1863இல் அறிக்கை அளித்தது. ஆண்டுக்கு 1000 வெள்ளைச் சிப்பாய்களுக்கு 69 பேர் என்னும் சாவுக் கணக்கை அது வெளிப்படுத்தியது. ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் அதன் சான்றுகளை ஆராய்ந்து எழுதிய குறிப்புகள் பேரதிர்வை உண்டாக்கின. குடிநீர், வடிகால், காற்றோட்டமுள்ள குடியிருப்பு ஆகியவற்றின்மீது கவனம் திரும்பியது. ஆனால் அதற்கு முன்பே, 1860இல், திண்டுக்கல் கோட்டையிலிருந்து காவற்படை விலக்கிக்கொள்ளப்பட்டுவிட்டது. படை வைத்திருந்த கவனம் கோட்டையோடு போயிற்று. காய்ச்சல் சமவெளியிலேயே இருந்தது.

அந்த இடைவெளியை அமெரிக்க மதுரை மிஷன் ஓரளவு நிரப்பியது. 1835இல் திண்டுக்கல்லில் நிலையம் அமைத்த அம்மிஷன், சமவெளிக் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் தன் ஊழியர் பலரைப் பலிகொடுத்து, 1845இல் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டியது. கொடைக்கானல் மலைவாசஸ்தலம் ஆனது திண்டுக்கல், மதுரைச் சமவெளிகளின் காய்ச்சலுக்கு அஞ்சியே. மிஷன் மருத்துவர் எட்வர்ட் செஸ்டர் திண்டுக்கல்லில் நீண்டகாலம் நடத்திய மருந்தகம் ஊர் மக்களுக்குக் கிடைத்த முதல் நிலையான மேனாட்டு மருத்துவமாகும். 1866இல் நகராட்சி அமைந்தது.

இன்று கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 1985இல் திண்டுக்கல் தனி மாவட்டமானது; அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரியில் திறந்துவைக்கப்பட்டது. பணியிலுள்ள படையினருக்கான மருத்துவமனைகள் சென்னை, வெலிங்டன் முதலிய இடங்களில் இயங்குகின்றன. ஓய்வுபெற்ற படைவீரர்களுக்கு 2003இல் தொடங்கப்பட்ட முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம் உண்டு.